ஓடை எப்படி ஓட்டை ஆனது: இரண்டு துண்டு கீபோர்டோடு நான் பட்ட பாடு

தர்மபுரியில் திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்களைப் போன்ற டிடிபி கடைகளில் காலை எட்டு மணிக்கே மனு அடிக்க ஆள் வந்து நிற்கும். அப்படி ஒரு திங்கட்கிழமை பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நிலத்துக்குப் போகிற வழியில் ஓடைப் புறம்போக்கை யாரோ வேலி போட்டு அடைத்துவிட்டார்கள் என்று மனு. அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்து மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஓட்டைப் புறம்போக்குன்னு இருக்குதே?"

வாங்கிப் பார்த்தால் ஐந்து இடத்தில் ஓடை வருகிறது, அதில் மூன்று இடத்தில் ஓட்டை. எழுத்துப்பிழை காட்டுகிற சிவப்புக் கோடு எதுவும் விழவில்லை, ஓட்டையும் சொல்தானே. திருத்திக் கொடுத்து அனுப்பிவிட்டு, அதற்கு முந்தைய நாட்களில் அடித்த கோப்புகளைத் திறந்து பார்த்தேன். கடை கட்டையாகி இருந்தது, படம் பட்டமாகி இருந்தது, ஒரு பத்திரத்தில் வீடு வீட்டு ஆகியிருந்தது. எல்லாம் ட. ட மட்டும்தான்.

இதைப் புரிந்துகொள்ள என் கீபோர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாகத் தமிழ்தான் அடிக்கிறேன், தமிழ்99 விசைப்பலகை. இரண்டு வருடமாக வலது மணிக்கட்டில் வலி, டாக்டர் கையை உள்பக்கமாகத் திருப்பி வைத்து அடிக்காதே என்றார். இடது கைக்கு ஒரு துண்டு, வலது கைக்கு ஒரு துண்டு என்று பிரிந்திருக்கும் கீபோர்டு பற்றி அப்போதுதான் தேடிப் படித்தேன், படித்த அன்றைக்கே இது தமிழ்99-க்கு என்றே செய்தது போல இருக்கிறதே என்று தோன்றியது. 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அந்த அமைப்பில் உயிர் எல்லாம் இடது கையில், மெய் எல்லாம் வலது கையில் (வ, ங இரண்டும் மட்டும் இடது கைக்குக் கீழ் வரிசையில் வரும்). இடது நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. வலது நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. கை மாறி மாறித்தான் அடிக்கிறோம், பலகை இரண்டாகப் பிரிந்தால் என்ன?

கடையில் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. பெங்களூர் எஸ்.பி. ரோடுக்கு பஸ் ஏறிப் போய் 42 ஸ்விட்ச், 42 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன பாகம்), இரண்டு புரோ மைக்ரோ போர்டு (எந்தக் கீ அழுந்தியது என்று கவனிக்கும் சின்ன சர்க்யூட், துண்டுக்கு ஒன்று), இரண்டு 3.5 மில்லிமீட்டர் ஜாக் வாங்கி வந்தேன். பிசிபி என்கிற அச்சிட்ட சர்க்யூட் பலகை கிடையாது, ஸ்விட்ச் காலிலேயே நேரடியாக வயர் வைத்துப் பற்றவைத்தது. ஸ்விட்ச் உட்காரும் தகட்டை இங்கேயே பெயர்ப்பலகை செய்கிற லேசர் கடையில் அக்ரிலிக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். 14 மில்லிமீட்டர் சதுர ஓட்டை, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 19.05 மில்லிமீட்டர். அவர்களிடம் இருந்தது 3 மில்லிமீட்டர் ஷீட், அதிலேயே வெட்டினார்கள். அந்த 3 மில்லிமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன். போர்டுக்குள் ஏற்றும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், கியூஎம்கே, திறந்த மூலம்.

சரி, ட விஷயத்துக்கு முன்னால் நடந்தவை.

முதல் நாளே பாதி கீ வேலை செய்யவில்லை. கியூஎம்கே-வில் பிரிந்த கீபோர்டுக்கு வரிசைகளின் எண்ணிக்கையை இரண்டு பக்கத்தையும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் 4 வரிசை என்றால் மொத்தம் 8, நான் 4 என்று எழுதியிருந்தேன். நெடுவரிசை கூட்டாது, 6 என்றால் 6-தான். அதைத் திருத்தியதும் இடது பக்கம் முழுதும் வந்தது, கட்டைவிரல் வரிசை ஒன்று மட்டும் வரவில்லை. டயோடின் கருப்புக் கோடு வரிசை வயரைப் பார்த்து இருக்க வேண்டும், அந்த மூன்றையும் திருப்பி வைத்துப் பற்றவைத்திருந்தேன். இவை இரண்டும் அரை நாளில் முடிந்த கதை.

வலது பக்கம் உயிரே இல்லாமல் கிடந்ததுதான் ஒரு வாரத்தைத் தின்றது. யுஎஸ்பி இடது துண்டில், அங்கிருந்து வலது துண்டுக்கு ஆடியோ ஜாக் மாதிரி ஒரு கேபிள். அதில் 5 வோல்ட், கிரவுண்டு, டேட்டா மூன்றும் போகும். நான் ஃபர்ம்வேரைத்தான் சந்தேகப்பட்டேன். டேட்டா வயர் போர்டில் சேரும் காலின் (பின்) எண்ணை மாற்றினேன், தொடர்பின் வேகத்தைக் குறைத்தேன் (வேகத்துக்கு 0 முதல் 5 வரை எண் உண்டு, எண் கூடக் கூட வேகம் குறையும், இயல்பாக 1), திரும்பத் திரும்ப ஏற்றினேன். கடைசியில் கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். இரண்டு கருப்பு வளையம். வேண்டியது மூன்று கருப்பு வளையம் போட்ட டிஆர்ஆர்எஸ், பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையில் நான் கேட்டு வாங்கியது பாட்டு கேட்கிற சாதாரண ஆக்ஸ் கேபிள். அதைச் செருகினால் ஜாக்கின் உள்ளே இரண்டு தொடுமுனை ஒரே உலோகத்தில் உட்கார்ந்துவிடும். என் வயரிங்கில் அந்த இரண்டும் டேட்டாவும் கிரவுண்டும். டேட்டா கிரவுண்டில் கட்டிப்போடப்பட்டிருந்தால் வலது துண்டு யாரிடம் பேசும்? 5 வோல்ட் அந்த இடத்தில் இருந்திருந்தால் போர்டு போயிருக்கும்.

போர்டு ஒன்று வேறு வழியில் போனது. பவர் இருக்கும்போதே அந்த கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். செருகும்போது முனை ஒவ்வொரு தொடுமுனையையும் உரசிக்கொண்டுதான் உள்ளே போகும், ஒரு நொடியின் சிறு பங்கு நேரத்துக்கு 5 வோல்ட் தப்பான இடத்தில் படும். முதலில் யுஎஸ்பி-யைக் கழற்று, அப்புறம் நடு கேபிளைத் தொடு. இதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன், கடைக்கு வருகிற பையன்கள் இயர்போன் கேபிள் என்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகவும்.

சரியான கேபிள் வந்த பிறகு ஒரு விசித்திரம். இடது துண்டில் யுஎஸ்பி செருகினால் உயிர் மட்டும் வரும், வலதில் செருகினால் மெய் மட்டும் வரும். தனித்தனியாக இரண்டும் நன்றாக இருக்கின்றன, சேர்ந்தால் ஒன்று மற்றதைக் கண்டுகொள்வதில்லை. இரண்டுமே தானே தலைவர் என்று நினைத்துக்கொள்வதன் அடையாளம் இது. இந்த வகை சிப்பில், யுஎஸ்பி முனையில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தான் தலைவரா தொண்டரா என்று துண்டு முடிவு செய்யும். என் போர்டுகள் மலிவு நகல். வலது துண்டின் யுஎஸ்பி துளையில் எதுவும் செருகாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், நடு கேபிள் வழியாக வந்த 5 வோல்ட் அங்கேயும் நின்றது. அது பாவம் தனக்கும் கம்ப்யூட்டர் இணைந்திருப்பதாக நம்பியது. இதற்கு 'ஸ்பிளிட் யுஎஸ்பி டிடெக்ட்' என்ற ஒரு வரி போதும். மின்சாரத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் உண்மையிலேயே பேசுகிறதா என்று 2000 மில்லிசெகண்டு காத்திருந்து, பேசவில்லை என்றால் தொண்டராக அமைதியாகிவிடும். அந்த வரியைப் போட்டதும் முதல் முறையாக அந்தக் கீபோர்டில் 'அம்மா' என்று அடித்தேன், இரண்டு பக்கமும் சேர்ந்து.

நான்கு நாள் நிம்மதி. அப்புறம் மின்தடை. மதியம் கரண்ட் போய், திரும்பி வந்து, கம்ப்யூட்டர் தானே எழுந்தால் கீபோர்டு செத்துக் கிடக்கும். கழற்றிச் செருகினால் உயிர் வரும். ஒவ்வொரு மின்தடைக்கும் இதே. என் கடை கம்ப்யூட்டர் பழசு, யுஎஸ்பி பக்கம் திரும்பிப் பார்க்கவே இரண்டு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் இடது துண்டும் காத்திருந்து சலித்து தொண்டராகிவிடுகிறது. முன்பு இரண்டு தலைவர், இப்போது இரண்டு தொண்டர். நான் போட்ட மருந்தே இந்த நோய்க்குக் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மின்தடை தேவைப்பட்டது. காத்திருக்கும் நேரத்தை 5000-க்கு உயர்த்தி, 'ஸ்பிளிட் வாட்ச்டாக்' என்ற இன்னொரு வரியையும் சேர்த்தேன். தொண்டராக இருக்கும் துண்டுக்குத் தலைவரிடமிருந்து பேச்சு வரவில்லை என்றால் அது தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். இந்த வாட்ச்டாக் காத்திருக்கும் நேரம் அந்த 5000-ஐ விடக் குறைவாக இருக்கக் கூடாது, இயல்பாக 3000-தான் இருக்கும், அதனால் அதையும் கையோடு ஏற்றிவிட வேண்டும். நான் 7000 வைத்தேன். இப்போது கரண்ட் வந்தால் கொஞ்சம் பொறுத்துத் தானே எழுகிறது.

ஃபர்ம்வேர் ஏற்றுவதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏற்றும் நிலைக்குப் போக ஒரு கீ வைக்கலாம், ஆனால் அது யுஎஸ்பி செருகிய துண்டுக்குத்தான் வேலை செய்யும், மற்றதற்கு ஆகாது. ஆளுக்கொரு சின்ன பட்டனை ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பற்றவைத்துவிட்டால் இடுக்கியோடு போராட வேண்டாம். வேகமாக இரண்டு முறை அழுத்தினால் சுமார் எட்டு நொடி திறந்திருக்கும், அதற்குள் ஏற்ற வேண்டும். இன்னொன்று, இரண்டு துண்டிலும் ஒரே ஃபர்ம்வேர்தான் இருக்க வேண்டும். லேயர் (அதே கீகளுக்கு வேறு எழுத்து தரும் அடுக்கு) மாறினால் வலது துண்டில் ஒரு எல்இடி எரியட்டும் என்று லேயர் நிலையைப் பகிர்ந்துகொள்கிற வசதியைச் சேர்த்து, சோம்பலில் இடதில் மட்டும் ஏற்றினேன். வலது பழையபடி செத்தது. இரண்டும் பேசிக்கொள்கிற ஒழுங்கே மாறிவிட்டதால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. பழைய கேபிள் பிரச்சினைதான் திரும்ப வந்தது என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன்.

இனி ட.

தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானே வந்துவிடும். க க என்று அடித்தால் க்க. வேகமாக அடிக்க இதுபோல் வசதி வேறு கிடையாது. ஆனால் ஒரு கீ அதுவாகவே இரண்டாக விழுந்தால், ஆங்கிலத்தில் அது பளிச்சென்று தெரியும் (ட இருக்கும் கீ ஆங்கிலத்தில் O, அது OO என்று விழும்), தமிழில் நல்ல சொல் போல வேடம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஓ, ட, ஐ என்று மூன்று அழுத்தம், ஓடை. நடுவில் இருப்பது இரட்டித்தால் ஓட்டை. நான் முதலில் தமிழ் தட்டச்சு மென்பொருளைத்தான் குறை சொன்னேன், அழித்துவிட்டு வேறொன்று போட்டேன். அதிலும் கட்டை, பட்டம்.

அதனால், தமிழில் அடிப்பவர்கள் கீபோர்டைச் சோதிக்க வேண்டுமென்றால் தமிழை அணைத்துவிட்டு ஆங்கிலத்தில் சோதியுங்கள். வெறும் நோட்பேட் திறந்து அந்த ஒரு கீயை 100 முறை அழுத்தி எண்ணினேன், 109 எழுத்து இருந்தது. பக்கத்துக் கீகள் எல்லாம் சரியாக 100.

அழுத்தும்போது உள்ளே உலோகம் துள்ளுவதால் சில மில்லிசெகண்டு விட்டு விட்டுத் தொடும், அது எல்லா ஸ்விட்சிலும் உண்டு, அதைப் பொறுக்கத்தான் ஃபர்ம்வேரில் டிபவுன்ஸ் என்று 5 மில்லிசெகண்டு இருக்கிறது. அதை 10 ஆக்கினேன், 20 ஆக்கினேன். இரட்டிப்பு குறைந்தது, நிற்கவில்லை. வேகமாக அடித்தால் எழுத்து கொஞ்சம் பின்தங்கி வருவது போல வேறு இருந்தது, ஏனென்றால் இயல்பான முறையில் எல்லாக் கீக்கும் சேர்த்து ஒரே கடிகாரம், ஏதாவது ஒரு கீ அசைந்தாலும் அது முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். டிபவுன்ஸை 5-க்கே திருப்பி, கீபோர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து, ஒவ்வொரு அழுத்தமும் விடுதலும் எந்த நேரத்தில் நடக்கிறது என்று அச்சிடச் சொன்னேன். கன்சோலைச் சேர்த்ததும் ஃபர்ம்வேர் பெரிதாகிவிட்டது. ஏடிமெகா32யு4 சிப்பில் 32 கிலோபைட் இருந்தாலும் ஃபர்ம்வேரை உள்ளே ஏற்ற உதவும் பூட்லோடர் 4 கிலோபைட் எடுத்துக்கொள்ளும், மீதி 28672 பைட். கீயால் மவுஸை நகர்த்தும் வசதியை எடுத்துவிட்டு, ஃபர்ம்வேரைச் சுருக்கும் எல்டிஓ-வைப் போட்டதும் உள்ளே அடங்கியது. ஓட விட்டுப் பார்த்தால், ட கீ ஒரே அழுத்தத்தில் விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. இடைவெளி ஒரு முறை 12 மில்லிசெகண்டு, ஒரு முறை 31, ஒரு முறை 19. துள்ளல் என்றால் ஏறக்குறைய ஒரே அளவில், சில மில்லிசெகண்டில் அடங்கும். இப்படி 31 வரை தாறுமாறாகப் போகிறதென்றால் எங்கேயோ தொடர்பே விட்டு விட்டு வருகிறது.

எங்கள் வரிசையில் டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வலது துண்டைக் கவிழ்த்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஒவ்வொரு காலையும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். எதையும் அழுத்தாமலேயே என் லேப்டாப் திரையில் ஒரு இடத்தில் எழுத்து வந்தது.

"டிரை சால்டர்மா. பாரு, மத்ததெல்லாம் பளபளன்னு இருக்குது, இது மட்டும் மங்கி இருக்குது, சுத்தி ஒரு கோடு ஓடுது பாரு."

லென்ஸில் காட்டினார். ஸ்விட்ச் காலைச் சுற்றி ஈயத்தில் முடி மாதிரி ஒரு வட்டக் கோடு. கால் ஈயத்துக்குள் நிற்கிறது, ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, புதிதாக வைத்தோம். 100 அழுத்தினேன், 100 வந்தது.

மூன்று வாரத்தில் ற இரட்டித்தது. அடுத்து ன. இங்கேதான் அந்த 3 மில்லிமீட்டர் வருகிறது. இந்த வகை ஸ்விட்சின் பக்கத்தில் இருக்கும் கொக்கி 1.5 மில்லிமீட்டர் தகட்டுக்குக் கீழே போய் மாட்டிக்கொள்ளும்படி செய்தது. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் அது பாதி வழியிலேயே நின்றுவிடும், வெறும் உராய்வில்தான் ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஸ்விட்ச் மயிரிழை அசையும், அந்த அசைவை வாங்குவது கீழே விறைப்பாக நிற்கும் வயரும் ஈயமும். நாள் முழுக்கத் தமிழ் அடித்தால் ட, ற, ன எத்தனை ஆயிரம் முறை? அதிகம் உழைத்தவை வரிசையாக விட்டுக்கொண்டு வந்தன, அவ்வளவுதான். எல்லா ஸ்விட்சின் நான்கு மூலையிலும் பின்பக்கம் க்ளூ கன்னால் ஒரு சொட்டு வைத்தேன், ஒற்றைக் கம்பியை எடுத்துவிட்டு வளையக்கூடிய பல இழை வயர் போட்டேன். புரோ மைக்ரோவின் யுஎஸ்பி துளையைச் சுற்றியும் ஒரு சொட்டு, அது போர்டிலிருந்து பெயர்ந்து வரும் என்று பலரும் எச்சரித்திருந்தார்கள். எட்டு மாதம் ஆகிறது, ஓடை ஓடையாகவே இருக்கிறது.

இவ்வளவு அலைந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கோளாறு வந்தால் ஃபர்ம்வேர் கோப்பைத் திறப்பதற்கு முன்னால், எவை எவை சேர்ந்து செத்தன என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறிப்பேன். ஒரே ஒரு கீ என்றால் ஈயம், ஸ்விட்ச், டயோடு. ஒரு வரிசையோ நெடுவரிசையோ முழுதும் என்றால் அந்த வயர், அது போர்டில் போய்ச் சேரும் கால். ஒரு துண்டு முழுதும் என்றால் கேபிள், அல்லது தலைவர் தொண்டர் தகராறு, அல்லது ஒரு பக்கம் மட்டும் ஏற்றிய ஃபர்ம்வேர். எழுத்து வருகிறது ஆனால் வேறு எழுத்து வருகிறது என்றால் மட்டும்தான் எந்தக் கீக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கீமேப்பைத் திறப்பேன். ஸ்பேஸ் கீயை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும்படி வைத்திருந்தபோது, வேகமாக அடித்தால் சொற்களுக்கு நடுவே இடைவெளி காணாமல் போய் எண்கள் முளைத்தன. அது அந்தக் கடைசி வகை. அடுத்த கீ விழுந்த உடனே 'பிடித்திருக்கிறார்' என்று முடிவெடுக்கும் வரியை நான்தான் சேர்த்திருந்தேன், எடுத்ததும் சரியானது.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. தமிழ்99-இல் ச, ஞ இரண்டும் ண-வுக்கு அடுத்தடுத்து மேல் வரிசையில் வரும். என் பலகையில் ஒரு பக்கத்துக்கு ஆறு நெடுவரிசைதான், ச-வோடு இடம் முடிந்துவிட்டது. ஞ-வைக் கீழ் வரிசை ஓரத்தில், ழ-வுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினோரு வருடப் பழக்கம், ஞாயிறு என்று அடிக்கப் போனால் சுண்டுவிரல் இன்னும் மேலே போய்த் தேடிவிட்டுத்தான் கீழே வருகிறது. ண, ச இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஞ வரும்படி காம்போ எழுதிப் பார்க்கிறேன். இரண்டும் 50 மில்லிசெகண்டுக்குள் விழுந்தால் சேர்ந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது, எனக்கு அது கொஞ்சம் அதிகமோ என்று சந்தேகம். இந்த ஞாயிற்றுக்கிழமை 30 வைத்து ஏற்றிப் பார்க்க வேண்டும், இரண்டு துண்டிலும்.